கைக்கு எட்டிய கிண்ணம்: சிலாங்கூர் அணியும் 1980ஆம் ஆண்டும்



நம் சங்கத்தின் பொன்விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். "நீதான் பந்து பார்க்கிற ஆள், சங்கமும் விளையாட்டும் பற்றி எழுதிக் கொடு" என்றார்கள். நான் எழுத்தாளன் அல்லன். பாலிடெக்னிக்கில் மின்சாரம் படித்துவிட்டு, நன்னா தொடங்கிய கடையை நடத்திக்கொண்டிருக்கும் வியாபாரி. ஆனாலும் சங்கத்தின் சொல்லைத் தட்ட முடியாமல் ஒப்புக்கொண்டேன்.

முதலில் சங்க அலுவலகத்தின் இரும்பு அலமாரியைத் திறந்து பார்த்தேன். 50 ஆண்டுகளின் கூட்டக் குறிப்புகள் இருந்தன. நோன்புக் கஞ்சிக்கு எத்தனை படி அரிசி வாங்கினோம் என்ற கணக்கு இருந்தது. கல்வி உதவி நிதி ரசீதுக் கட்டுகள் நூல் கட்டியபடி அப்படியே இருந்தன. காற்பந்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1970களின் கடைசியில் சங்கத்துப் பையன்கள் ஒன்றுசேர்ந்து சனி, ஞாயிறு மாலைகளில் ஆடினார்கள், வெளியூர்களுக்கும் போய் ஆடினார்கள் என்று பெரியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். யார் யார் ஆடினார்கள், எங்கே வென்றார்கள், எங்கே தோற்றார்கள் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். ஒரு புகைப்படமும் கிடைக்கவில்லை.

இதை வீட்டில் வந்து சொன்னேன். என் அத்தாவுக்கு இப்போது வயது 63. தே தாரிக்கை ஆற்றிக் குடித்துக்கொண்டே சொன்னார்: "எங்க டீமைப் பத்தி எழுத ஒண்ணும் இல்லப்பா. எழுதணும்னா 1980 பத்தி எழுது. அந்த வருஷம் நாம ரெண்டு தடவை தோத்தோம். ஒண்ணு திடல்ல ஆடித் தோத்தோம். இன்னொண்ணு திடலுக்கே போகாமத் தோத்தோம்."

அந்த ஒரு பேச்சுத்தான் இந்தக் கட்டுரை.

கிண்ணம் வந்த கதை

நம் பிள்ளைகளுக்கு இன்று ஐரோப்பிய அணிகளின் பெயர்கள் எல்லாம் மனப்பாடம். மலேசியக் கிண்ணம் எப்படி வந்தது என்று கேட்டால் தெரியாது. ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் உலகப் போர்க் காலத்தில், மலாய் மாநிலங்களின் பணத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்காக ஒரு போர்க்கப்பல் கட்டப்பட்டது. அதன் பெயர் எச்.எம்.எஸ். மலாயா. அந்தக் கப்பல் 1921இல் இந்தப் பக்கம் வந்தது. இங்கே கிடைத்த வரவேற்புக்கு நன்றியாகக் கப்பல் மாலுமிகள் ஒரு கிண்ணத்தைப் பரிசளித்தார்கள். அதனால்தான் அது மலாயா கிண்ணம் என்று அழைக்கப்பட்டது. 1967 முதல் மலேசியக் கிண்ணம் ஆனது. ஆசியாவிலேயே மிகப் பழைய காற்பந்துப் போட்டிகளில் இதுவும் ஒன்று.

1921இல் நடந்த முதல் இறுதி ஆட்டத்தில் மோதியவை சிங்கப்பூரும் சிலாங்கூரும். சிங்கப்பூர் 2–1 என்று வென்றது. அதாவது, இந்தக் கிண்ணத்தின் வரலாற்றில் முதன்முதலில் இறுதி வரை வந்து ஏமாந்த அணியே நம் சிலாங்கூர்தான். அடுத்த ஆண்டே, 1922இல், சிலாங்கூர் கிண்ணத்தை வென்றது. இந்த 2–1 என்ற கணக்கையும், அடுத்த ஆண்டே மீண்டு வந்ததையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

இதுவரை சிலாங்கூர் இந்தக் கிண்ணத்தை 33 முறை வென்றிருக்கிறது. வேறு எந்த அணியும் அத்தனை முறை வென்றதில்லை.

நம் சங்கம் பிறந்த காலம்

நம் சங்கம் தொடங்கிய 1975ஆம் ஆண்டில் மலேசியக் கிண்ணம் சிலாங்கூரிடம் இருந்தது. அந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் சிங்கப்பூரை 1–0 என்று வென்றது. 1976இல் அதே சிங்கப்பூரை 3–0 என்று வென்றது. 1977இல் சிலாங்கூர் இறுதிக்கு வரவில்லை. சிங்கப்பூர் பினாங்கை வென்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டது. 1978இல் மறுபடியும் சிலாங்கூரும் சிங்கப்பூரும், நமக்கு 4–2. 1979இல் மறுபடியும் அதே இரண்டு அணிகள், நமக்கு 2–0.

அந்தக் காலத்துச் சிலாங்கூர் அணியின் பெயர்களைச் சொல்லும்போது அத்தாவின் முகமே மாறிவிடும். முன்வரிசையில் மொக்தார் டஹாரி. பாதுகாப்பில் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும். கோல் கம்பங்களுக்கு நடுவே நம் ஆறுமுகம். நீண்ட கைகளால் அவருக்கு 'ஸ்பைடர்மேன்' என்று பெயர். ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், ஒரு சீக்கியர், ஒரு தமிழர் என்று யாரும் கணக்குப் பார்த்து அமைத்த அணி அல்ல அது. நன்றாக ஆடியவர்கள் ஆடினார்கள். சிவப்பு மஞ்சள் சட்டை போட்ட எல்லோரும் நம் ஆட்களாகவே இருந்தார்கள்.

அவர்கள் யாரும் இன்றைக்கு இருப்பது போல் முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அல்லர். பகலில் வங்கியிலோ நிறுவனத்திலோ வேலை, மாலையில் பயிற்சி. மொக்தார் டஹாரியே வங்கி ஊழியராக இருந்தவர்தான். கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வங்கிகளும் நிறுவனங்களும் அதிகம் இருந்ததால், பந்து ஆடத் தெரிந்த இளைஞனுக்கு இங்கே வேலையும் கிடைத்தது, ஆட இடமும் கிடைத்தது. சிலாங்கூரின் பலத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. கடைக்காரன் என்பதால் எனக்கு எப்போதும் சம்பளம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் முதலில் தோன்றும்.

முதல் இழப்பு

1980. மறுபடியும் சிலாங்கூரும் சிங்கப்பூரும். மெர்டேக்கா அரங்கம்.

1957இல் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரத்தை முழங்கிய அதே அரங்கம். நம் பெரியவர்களில் பலர் பந்து பார்ப்பதற்கென்றே காஜாங்கிலிருந்து பஸ் ஏறிக் கோலாலம்பூர் போன காலம் அது. இன்று காஜாங்கில் எம்.ஆர்.டி. ஏறினால் மெர்டேக்கா நிலையத்திலேயே இறங்கிவிடலாம். அன்று பஸ்ஸில் நின்றுகொண்டு போய், ஆட்டம் முடிந்து கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, லாரியில் இடம் கேட்டு வந்தவர்கள் உண்டு.

என் அத்தாவும் அன்று கூட்டாளிகளோடு போயிருந்தார். சிலாங்கூர் தொடர்ந்து மூன்றாவது முறை வெல்லும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. எதிரில் இருந்தது 1975, 1976, 1978, 1979 என்று நான்கு இறுதி ஆட்டங்களில் நாம் தோற்கடித்த அதே சிங்கப்பூர். போகும் வழியிலேயே திரும்பி வரும்போது எந்தக் கடையில் சாத்தே சாப்பிடுவது என்று பேசி முடிவு செய்துவிட்டார்களாம்.

சிங்கப்பூர் 2–1 என்று வென்றது. 1921இல் இருந்த அதே கணக்கு.

சிங்கப்பூருக்கு வெற்றி கோலை அடித்தவர் ஃபாண்டி அகமது. இருபது வயதைக்கூட எட்டாத பையன். பயிற்சியாளர் ஜித்தா சிங்கும் இளம் வயதினர்தான். அந்தக் காலத்துச் சிங்கப்பூர் அணி என்றால் இன்னொரு பெயரையும் நாம் சொல்ல வேண்டும்: சமது அல்லாபிச்சை. அணித் தலைவராக இருந்தவர், பின்வரிசையின் தூண், தன் நாட்டுக்காக 100 ஆட்டங்களுக்கு மேல் ஆடியவர். அல்லாபிச்சை என்ற பெயர் எந்தக் கரையிலிருந்து வந்த பெயர் என்று நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அத்தா சொல்வார்: "எதிர் டீம்ல நம்ம பேருள்ள ஆளு நிக்கிறாரு. மத்தவங்களோட சேர்ந்து திட்டவும் மனசு வரல. நம்ம ஆளுன்னு கை தட்டவும் முடியல."

ஃபாண்டி அகமது பிறந்தது 1962இல். என் அத்தா பிறந்ததும் 1962இல்தான். அன்றைக்கு அரங்கத்திலிருந்து வெளியே வரும்போது அத்தாவுக்குத் தோல்வியை விட அதுதான் மனத்தில் நின்றதாம். "என் வயசுப் பையன் உள்ளே கோல் அடிக்கிறான். நான் வெளியே டிக்கெட் வாங்கிட்டு நிக்கிறேன்" என்றார். இந்தப் பேச்சு ஏன் வந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தத் தோல்வியின் கணக்கை இன்று உட்கார்ந்து பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. சிலாங்கூர் 1978, 1979இல் வென்றது. 1981, 1982இலும் வென்றது. நடுவில் இந்த ஒரே ஓர் ஆட்டம் மட்டும் கை நழுவாமல் இருந்திருந்தால், தொடர்ந்து ஐந்து கிண்ணங்கள். ஓர் இரவில் ஒரு கோல். அதுதான் வித்தியாசம்.

இரண்டாவது இழப்பு

அதே 1980ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதத்துக்கு வருவோம். அதே மெர்டேக்கா அரங்கம். இந்த முறை ஆடியது மலேசியா; ஆனால் ஆறுமுகம், சோ சின் ஆன், சந்தோக் சிங் என்று சிலாங்கூரின் தூண்களே அந்த அணிக்கும் தூண்கள். மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஆடுவதற்கான ஆசியத் தகுதிச் சுற்று ஒன்று கோலாலம்பூரில் நடந்தது. முடிவு ஆட்டத்தில் எதிரணி தென்கொரியா.

மலேசியா 2–1 என்று வென்றது. சபாவைச் சேர்ந்த ஹசான் சானியும் ஜேம்ஸ் வோங்கும் அந்த வெற்றியின் நாயகர்கள். வெற்றி கோல் ஜேம்ஸ் வோங்குடையது. 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடியதற்குப் பிறகு, இரண்டாவது முறையாக மலேசியக் காற்பந்து அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. அன்று அரங்கத்தில் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று அத்தா சொல்வார். 2016இல் வந்த 'ஓலா போலா' திரைப்படம் இந்தக் கதையைத் தழுவியதுதான். நம் பிள்ளைகள் பலர் பள்ளியிலோ வீட்டிலோ அதைப் பார்த்திருப்பார்கள்.

ஆனால் அணி மாஸ்கோவுக்குப் போகவில்லை.

1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்தார். முஸ்லிம் நாடுகள் பலவும் அந்தப் படையெடுப்பைக் கண்டித்தன. மலேசியாவும் புறக்கணித்த நாடுகளில் ஒன்று. ஜூலை 19ஆம் தேதி மாஸ்கோவில் தொடக்க விழா நடந்தபோது, தகுதி பெற்ற நம் ஆட்டக்காரர்கள் அங்கே இல்லை.

நம் இடத்தில் ஈராக் ஆடியது. மாற்றாக வந்த அந்த அணி காலிறுதி வரை போனது. தகுதி பெற்றுப் போகாமல் இருந்த அணி எதுவரை போயிருக்கும் என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. அதே மாஸ்கோவில் இந்திய ஹாக்கி அணி இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 4–3 என்று வென்று தங்கம் வாங்கியது. அதன் தலைவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த வி. பாஸ்கரன். ஹாக்கியில் பலமான நாடுகள் சில அந்த ஆண்டு போகவில்லை. போன நாடு வென்று வந்தது. இந்தியாவுக்கு ஹாக்கியில் கடைசியாகக் கிடைத்த ஒலிம்பிக் தங்கம் இன்றுவரை அதுதான்.

புறக்கணித்தது தவறு என்று எழுத நான் இங்கே வரவில்லை. ஆப்கான் மக்கள் பட்ட துன்பத்தோடு ஒப்பிட்டால் காற்பந்து சின்ன விஷயம். அன்று நம் பள்ளிவாசல்களில் அவர்களுக்காகக் கையேந்தியவர்கள் நம் பெரியவர்கள். அத்தாவும் அதையேதான் சொல்வார்: "காரணம் பெரிய காரணம்தான். அதை நாங்க யாரும் மறுக்கல. ஆனா காரணம் பெருசா இருந்தா இழப்பு சின்னதாயிடுமா?"

அந்த இழப்பு சின்னதாகவில்லை. 1980க்குப் பிறகு மலேசியக் காற்பந்து அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை. ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் காலமானார். அப்போது வயது 35. மொக்தார் டஹாரி 1991இல் நோயுற்றுக் காலமானார், வயது 37.

தோற்ற பிறகு என்ன நடந்தது

அத்தா சொன்ன இரண்டு தோல்விகளுக்கும் உள்ள வித்தியாசம், பிறகு வந்த ஆண்டுகளைப் பார்த்தால்தான் தெரியும்.

திடலில் தோற்ற சிலாங்கூர் என்ன செய்தது? 1981இல் மறுபடியும் இறுதிக்கு வந்தது. எதிரில் அதே சிங்கப்பூர். இந்த முறை 4–0. 1982இல் திரெங்கானுவை 1–0 என்று வென்றது. 1983இல் பகாங்கிடம் 3–2 என்று தோற்றது. 1984இல் அதே பகாங்கை 3–1 என்று வென்றது. 1986இல் ஜொகூரை 6–1 என்று வென்றது. 1921இல் தோற்று 1922இல் வென்ற பழக்கம் அப்படியே தொடர்ந்தது. தோற்ற அணியைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த ஆண்டும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள்.

எல்லாத் தோல்விகளும் உடனே தீர்ந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1991இல் ஜொகூரிடம் 3–1 என்று தோற்ற பிறகு, அடுத்த கிண்ணத்துக்கு 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அப்போது வந்தது ஒன்றல்ல; 1995, 1996, 1997 என்று தொடர்ந்து மூன்று.

நான் என் கண்ணால் பார்த்த ஏமாற்றம் 2008. பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த காலம். அந்தப் பருவத்தில் சிலாங்கூர் இரண்டு கிண்ணங்களின் இறுதிக்குப் போனது. எஃப்.ஏ. கிண்ண இறுதியில் கெடாவிடம் பெனால்டியில் தோற்றது. மலேசியக் கிண்ண இறுதியில் மறுபடியும் கெடாவிடம் 3–2 என்று தோற்றது. லீக் பட்டமும் கெடாவுக்கே போனது. கெடா தொடர்ந்து இரண்டாவது பருவமாக மூன்று பட்டங்களையும் அள்ளிக்கொண்டது. நமக்கு ஒன்றும் இல்லை. விடுதி நண்பர்களோடு மாமாக் கடையில் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். கெடாவிலிருந்து வந்த நண்பன் ஒருவன் அன்றைக்கு எல்லோருக்கும் மீ கோரெங் வாங்கிக் கொடுத்தான். தொண்டையில் இறங்கவில்லை.

அடுத்த ஆண்டு என்ன ஆனது? 2009இல் சிலாங்கூர் சூப்பர் லீக் பட்டத்தையும் எஃப்.ஏ. கிண்ணத்தையும் வென்றது. 2010இல் மறுபடியும் லீக் பட்டம். பயிற்சியாளர் கே. தேவன். அந்த அணியின் முன்வரிசையில் ஓடியவர் நம் காஜாங்கில் பிறந்த சஃபீ சாலி. 2010 டிசம்பரில் தென்கிழக்காசியக் கிண்ணத்தை மலேசியா முதன்முறையாக வென்றபோது, போட்டியிலேயே அதிக கோல் அடித்தவரும் அவரே. அந்தத் தேசிய அணியின் பயிற்சியாளர் கே. ராஜகோபால், ஒரு காலத்தில் தாமே சிலாங்கூர் சட்டை போட்டு ஆடியவர். ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் இரண்டாவது ஆட்டத்தில் 2–1 என்று தோற்றும், புக்கிட் ஜாலிலில் அடித்த மூன்று கோல்களால் மொத்தம் 4–2 என்று கிண்ணம் நமக்கு வந்த அந்த இரவில், காஜாங் சாலைகளில் விடிய விடிய ஹாரன் சத்தம்.

இன்றைய இளைஞர்களுக்கு நிலைமை வேறு. 2014 முதல் 2024–25 பருவம் வரை தொடர்ந்து 11 முறை லீக் பட்டம் ஜொகூருக்கே போயிருக்கிறது. சிலாங்கூர் 2015இல் கெடாவை 2–0 என்று வென்று 33ஆவது மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தது. 2016இல் ஷா ஆலாமில், நம் சொந்த அரங்கத்தில், அதே கெடாவிடம் பெனால்டியில் இழந்தது. 2022இல் மறுபடியும் இறுதி, ஜொகூர் வென்றது. கணக்கு என்ன தெரியுமா? 2–1. 1921, 1980, 2022 மூன்றுக்கும் ஒரே கணக்கு. ஷா ஆலாம் அரங்கமும் இப்போது இல்லை. புதிதாகக் கட்டுவதற்காக இடித்துவிட்டார்கள். லீக்கில் திரும்பத் திரும்ப இரண்டாம் இடம். என் மகன் கேட்கிறான்: "அத்தா, சிலாங்கூர் எப்பவுமே செகண்டுதானா?"

எப்போதும் இல்லை என்று அவனுக்குச் சொல்லத்தான் இத்தனை ஆண்டுகளையும் கணக்கெடுத்தேன். திடலில் ஆடித் தோற்றவனுக்கு அடுத்த ஆண்டு ஒன்று இருக்கிறது. நான்கு ஆண்டு ஆகலாம், பத்து ஆண்டு ஆகலாம். ஆனால் ஆட்டம் அவன் கையில் இருக்கிறது. திடலுக்கே போகாமல் போன வாய்ப்புக்கு அடுத்த ஆண்டு கிடையாது. 1981இல் சிங்கப்பூரை வென்று 1980ஐத் தீர்த்துக்கொள்ள முடிந்தது. மாஸ்கோவைத் தீர்த்துக்கொள்ள எந்த ஆட்டமும் வரவில்லை.

அத்தா சொல்லாமல் இருந்தது

இனி, முன்பு விட்ட இடத்துக்கு வருகிறேன். இதை எழுதலாமா என்று அத்தாவிடமே கேட்டேன். "பேரு போடாம எழுது" என்றார்.

என் மகனுக்கு வயது 13. அவனைச் சனிக்கிழமை காலையில் காற்பந்துப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லிப் பயிற்சியாளர் ஒருவர் கேட்டிருந்தார். சனிக்கிழமைதான் எங்கள் கடையில் கூட்டம் அதிகம். விசிறி, பல்பு, சுவிட்சு என்று வாங்க வீட்டுக்காரர்கள் வரும் நாள். மகனைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வர ஆள் இல்லை. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டான். அன்று இரவுதான் அத்தா 1980 பற்றி முழுவதும் சொன்னார்.

அப்போது எங்கள் கடை மளிகைக் கடை. நன்னா ஒருவர்தான் முதலாளி, அவரே வேலையாள். அந்த ஆண்டு நன்னாவின் தாயாருக்கு உடல்நிலை மோசம் என்று கடிதம் வந்து, அவர் சிதம்பரம் கப்பலில் ராமநாதபுரத்துப் பக்கம் எங்கள் ஊருக்குப் போய்விட்டார். கடைச் சாவி 18 வயது அத்தாவின் கையில். அந்த நேரத்தில்தான் சங்கத்துப் பையன்களின் ஆட்டத்தைப் பார்த்த ஒருவர், அத்தாவை மாவட்ட அளவிலான ஒரு தேர்வு ஆட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு. அன்றுதான் மொத்த வியாபாரியிடமிருந்து அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் வந்து இறங்கும் நாள். கடையைப் பூட்டினால் சரக்கு திரும்பிப் போய்விடும். அந்த வாரம் கடன் வாங்கும் தோட்டத்து ஆட்களுக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது.

அத்தா போகவில்லை.

"போயிருந்தா எடுத்திருப்பாங்களா?" என்று கேட்டேன்.

"எடுக்காமலும் போயிருக்கலாம். அது தெரிஞ்சிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன். தோத்திருந்தாகூட மறந்திருப்பேன். நாற்பத்தஞ்சு வருஷமா அதுதான் தெரியல" என்றார்.

நன்னா திரும்பி வந்த பிறகும் அத்தா அவரிடம் இதைச் சொல்லவில்லையாம். சொன்னால் மனம் வருந்துவார் என்று விட்டுவிட்டார். நன்னா 1998இல் மௌத்தானார். அவருக்கு இது தெரியாமலே போனது. நன்னாவின் மீது தவறு சொல்ல ஒன்றுமில்லை. தாயைப் பார்க்கப் போனார். அத்தாவின் மீதும் தவறில்லை. கடையைக் காப்பாற்றினார். அந்தக் கடைதான் எனக்குப் பாலிடெக்னிக் கட்டணம் கட்டியது. காரணம் எல்லாம் நல்ல காரணம்தான். வாய்ப்பு மட்டும் திரும்பி வரவில்லை.

நம் சமூகத்தில் இது என் வீட்டுக் கதை மட்டும் அல்ல என்று எனக்குத் தெரியும். கடை, கடன், தங்கச்சி கல்யாணம், ஊரில் கட்ட வேண்டிய வீடு என்று நம் முன்னோர்கள் தாங்களாகவே தள்ளிவைத்த வாய்ப்புகள் எத்தனையோ. பாட்டு, படிப்பு, பந்து, எழுத்து என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பட்டியல் இருக்கும். அவர்கள் தள்ளிவைத்ததால்தான் நாம் இன்று நிமிர்ந்து நிற்கிறோம். அந்த நன்றியை மறக்கக் கூடாது. அதே நேரத்தில், அவர்களுக்கு இருந்த நெருக்கடி நமக்கு இல்லாதபோதும் அதே "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்ற பேச்சை நம் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருப்பது சரியா என்று யோசிக்க வேண்டும். நான் யோசித்தேன். எனக்கு இருந்தது நெருக்கடி அல்ல, சோம்பல்.

இப்போது சனிக்கிழமை காலையில் கடையை அத்தா திறக்கிறார். நான் மகனைப் பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பத்தரைக்குக் கடைக்கு வருகிறேன். அவன் பெரிய ஆட்டக்காரனாக வருவானா என்று தெரியாது. போன மாதம் ஒரு போட்டியில் அவன் அணி அரையிறுதியில் தோற்றது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். அத்தா அவனை அருகில் கூப்பிட்டு உட்கார வைத்து, "எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்டார்.

"2–1, நன்னா" என்றான்.

அத்தா சிரித்த சிரிப்பு எனக்கு மட்டும்தான் புரிந்தது.

ஒரு வேண்டுகோள்

கடைசியாக, சங்கத்தின் நிர்வாகிகளுக்கும் மூத்த உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிலாங்கூர் 1921இல் எத்தனை கோல் வாங்கித் தோற்றது என்பதை ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் என்னால் சொல்ல முடிகிறது. காரணம், தோல்வியையும் ஒருவர் எழுதி வைத்தார். நம் சங்கத்துப் பையன்கள் ஆடிய ஓர் ஆட்டத்தின் முடிவுகூட இன்று நம் கையில் இல்லை. கஞ்சிக்கு வாங்கிய அரிசியின் கணக்கைக் காப்பாற்றிய நாம், பிள்ளைகளின் கணக்கைக் காப்பாற்றவில்லை.

யார் வீட்டிலாவது பழைய புகைப்படம், சட்டை, கோப்பை, பத்திரிகைத் துண்டு இருந்தால் சங்க அலுவலகத்தில் கொண்டுவந்து காட்டுங்கள். படி எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். ஆடிய பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கும்போதே அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள நானும் இரண்டு இளைஞர்களும் தயாராக இருக்கிறோம். வென்றதை மட்டும் அல்ல, தோற்றதையும் சொல்லுங்கள். போக முடியாமல் போனதையும் சொல்லுங்கள். அலமாரியில் அதற்கென்று ஒரு தட்டைக் காலி செய்து வைத்திருக்கிறேன்.

சங்கத்தின் அடுத்த 50 ஆண்டுகளில் நம் பிள்ளைகள் ஆடித் தோற்கட்டும், ஆடி வெல்லட்டும். வல்ல அல்லாஹ் அவர்களுக்கு நல்ல உடல்நலத்தையும், திடலுக்குப் போக ஒரு சனிக்கிழமைக் காலையையும் தந்தருள்வானாக. ஆமீன்.